தன் எலும்பைக் கண்ட அரசன்

வடுகபட்டியைப் பூண்டுச் சந்தையைக் கொண்டே வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். ஆனால் இவ்வூரில் குடியிருப்போரில் பலர் இவ்வூரில் பிறந்தவர்கள் அல்லர். வைகை அணை எழுந்தபோது அதன் நீர்ப்பரப்புக்குள் போன சிற்றூர்களிலிருந்து சட்டி பானைகளோடும் ஆடுமாடுகளோடும் கிளம்பி, சுற்றுவட்டாரங்களில் குடியேறியவர்களும் அவர்தம் மக்களும் இங்கே உண்டு. அணை திறக்கப்பட்டது 1959-இல். அதற்கு முன்பே வீடுகள் காலியாகிவிட்டன. அந்த மேட்டூர்க் கிராமத்துச் சிறுவனாக இங்கே வந்தவர்தாம் கவிஞர் வைரமுத்து என்பதையும், அந்த இழப்பையே அவர் 'கள்ளிக்காட்டு இதிகாச'மாக்கினார் என்பதையும் வாசகர்கள் அறிவார்கள்.

எழுதத் தெரியாத ஒருவரைப் பற்றி நான் சொல்ல விரும்புகிறேன். எழுபத்தெட்டு வயதுப் பெரியவர். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருபவர். அணையின் நீர் நன்றாக வற்றும் கோடையில் இவர் பேருந்து ஏறிப் போய், சேறு காய்ந்த தரையில் நடந்து, தம் வீடு இருந்ததாக அவர் நம்பும் இடத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு வருவார். ஆண்டுதோறும் அல்ல, நீர் அவ்வளவு இறங்கும் ஆண்டுகளில் மட்டும். சென்ற ஆண்டு அவருடைய மனைவி இறந்தார். நாற்பதாம் நாள் திருப்பலி முடிந்தபின் பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து அவர் என்னைக் கேட்டார்:

"சாமி, அந்த வீட்டு வாசப்படில உக்காந்திருந்த பய யாரு? நாந்தானா? அவன் வீடு இல்ல, ஊரு இல்ல, அவன் ஆத்தா அப்பன் இல்ல. இப்ப இவளும் போயிட்டா. அப்படின்னா நான்னு சொல்றதுக்கு என்ன சாமி மிச்சம்?"

இத்தகைய கேள்விகளுக்கு ஓர் அருட்பணியாளரிடம் ஆயத்தமான விடைகள் உண்டு. ஆன்மா அழிவதில்லை, உயிர்ப்பு நாளில் எல்லாரையும் காண்போம். அவற்றை நான் நம்புகிறேன். ஆயினும் அன்று அவற்றைச் சொல்ல என் நா எழவில்லை. அவர் கேட்டது இறப்புக்குப் பின் என்ன என்பதன்று. உயிரோடிருக்கும்போதே கரைந்துகொண்டிருக்கும் 'நான்' என்பதைப் பற்றி அவர் கேட்டார். அந்தக் கேள்வியோடு நேருக்கு நேர் நின்ற ஒரு மரபு தமிழில் இருந்தது. அது நம் சமய மரபன்று. ஆனாலும் நமக்கு அண்டையில் இருந்து மறைந்துபோன மரபு. அன்றிரவு நான் மணிமேகலையை எடுத்துப் படித்தேன்.

மணிமேகலை என்றதும் அமுதசுரபி என்னும் பாத்திரமே நம் நினைவுக்கு வரும். அந்தப் பாத்திரத்துக்கு முதல் உரியவன் ஆபுத்திரன். அவன் வரலாற்றைப் பள்ளிப் புத்தகங்கள் பாதியிலேயே விட்டுவிடுகின்றன.

கணவனை விட்டு நெறி தவறிக் குமரி நீராட வந்த சாலி என்னும் பார்ப்பனப் பெண் அவனை ஈன்று, ஒரு தோட்டத்தில் விட்டுச் சென்றாள். ஏழு நாள் ஒரு பசு அவனுக்குப் பாலூட்டியது. இளம்பூதி என்னும் அந்தணர் எடுத்து வளர்த்தார். வளர்ந்தவன் ஒருநாள் வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போனான், பிடிபட்டான், அடிபட்டான். வாதம் முற்றியபோது அவன் பிறப்பின் இரகசியம் சபையில் வெளியாயிற்று. வளர்த்த தந்தையும் கைவிட்டார். அவன் பிச்சைக்குச் சென்ற ஊர்களில் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். பெயர், குலம், வீடு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் இழந்தவன் சென்று சேர்ந்த இடம் மதுரை. அங்கே சிந்தாதேவியின் கோயில் முன்றிலில் தங்கினான். பகலெல்லாம் வீடு வீடாக இரந்து, குருடர், செவிடர், முடவர், நோயாளர், ஆதரவற்றோர் ஆகியோரைக் கூவி அழைத்து ஊட்டி, மிஞ்சியதை உண்டு, பிச்சை ஓட்டையே தலையணையாக வைத்து உறங்கினான். ஒரு மழைநாள் நள்ளிரவில் பசியோடு வந்தவர்களுக்கு இட ஒன்றுமின்றி அவன் கலங்கி நிற்கையில், தேவி அள்ளக் குறையாத பாத்திரத்தைத் தந்தாள்.

(இந்நூலை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் என்பது மரபு. கூலம் என்றால் தானியம். படியளந்து விற்ற ஒருவர் பசியைப் பற்றி எழுதினார் என்பது, மண்டிக்காரர்கள் நிறைந்த இந்த ஊரில் இருந்துகொண்டு எண்ணும்போது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.)

பின்னர் அவன் அதையும் இழந்தான். பன்னிரண்டு ஆண்டு வறண்டிருந்த பாண்டிய நாட்டில் மழை பொழிந்தது. நாடு செழித்தது, உண்பதற்கு ஆள் இல்லை. கையில் அமுதசுரபியும் எதிரில் வெறுமையுமாக நின்றான். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினான். இடையில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை, ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் விட்டுச் சென்றது. ஆளில்லாத் தீவில் தான் ஒருவன் மட்டும் உண்பதற்கு இப்பாத்திரம் எதற்கு என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டான்.

பிற்பாடுதான் நான் சொல்ல வந்த காட்சி வருகிறது. அவன் சாவக நாட்டில் மீண்டும் பிறந்து புண்ணியராசன் என்னும் மன்னனாகிறான். முற்பிறப்பைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. மணிமேகலை அவனைத் தேடிச் செல்கிறாள். தன் பிறப்பின் உண்மை அறிந்தபின் அவனுக்கு அரண்மனை வாழ்வு கசக்கிறது, துறந்துவிட எண்ணுகிறான். அமைச்சன் தடுத்து நிறுத்துகிறான். ஆயினும் கப்பலேறி மணிபல்லவம் வருகிறான். தீவைக் காக்கும் தெய்வமான தீவதிலகை அவனுக்கு இடத்தைக் காட்டுகிறது. இறந்த இடத்தை அறிந்து தேடிவந்து, அவனோடு உயிர்விட்ட ஒன்பது வணிகரின் எலும்புகளும் அங்கே கிடக்கின்றன. மன்னன் மணலைத் தோண்டச் செய்கிறான். தசையும் நரம்பும் நீங்கி, கட்டுக் குலையாமல் கிடக்கும் எலும்புக்கூட்டைக் காண்கிறான். அது அவனுடையது.

உலக இலக்கியத்தில் மண்டையோட்டைக் கையிலேந்திப் பேசும் இளவரசனை நாம் கல்லூரியில் படித்தோம். அந்த மண்டையோடு வேறொருவனுடையது. தன் எலும்பைத் தானே தோண்டிக் கண்ட மாந்தனை நான் வேறெங்கும் படித்ததில்லை.

மன்னன் மயங்கிப் போகிறான். மணிமேகலை அவனை என்ன சொல்லித் தேற்றினாள் என்பதை நாம் உற்று நோக்க வேண்டும். 'இது வெறும் எலும்பு. நீ அழியாதவன்' என்று அவள் சொல்லவில்லை. 'இதைக் காட்டத்தான் உன்னை அழைத்து வந்தேன்' என்கிறாள். அவன் புகழ் தீவுகளெங்கும் நிலைபெற வேண்டும், மன்னர்களே அருள் நெறியில் நின்றால் உலகில் தீர்க்கப்படாத குறை ஏது என்கிறாள். அறம் என்பது யாது என்று கேட்டால், உயிர்களுக்கெல்லாம் உணவும் உடையும் உறையுளுமே அறம் என்று வரையறுத்தும் சொல்கிறாள். அவள் இதைச் சொன்ன வேளையையும் எண்ணிப் பாருங்கள். புகார் நகரம் கடல்கோளில் மூழ்கிவிட்டது என்ற செய்தியைத் தீவதிலகை அவளிடம் தெரிவித்திருந்தது அப்போதுதான். தான் பிறந்த ஊர் நீருக்கடியில் போய்விட்டது என்று அறிந்த பெண், தன் எலும்பைக் கண்டு மயங்கியவனைத் தேற்றுகிறாள்!

மன்னனின் மறுமொழி அதனினும் வியப்பானது. தன் பிறப்பை உணர்த்தியதன் மூலம் தன்னைப் புதிதாய்ப் படைத்தவளே அவள்தான் என்கிறான். தன் நாடாயினும் பிறர் நாடாயினும் அவள் சொன்ன நல்லறத்தைச் செய்வேன் என்கிறான். அவளைப் பிரிய மாட்டாமல் வருந்துகிறான். அவளோ, 'உன்னைக் காணாமல் உன் நாடு அழுகிறது, கப்பலேறு' என்று அனுப்பிவிட்டு வஞ்சி நகரம் நோக்கிச் செல்கிறாள்.

ஆக, துறக்க எண்ணி வந்தவன் ஆளத் திரும்பினான். 'நான்' என்று அவன் பற்றியிருந்தது மணலில் எலும்பாகக் கிடந்ததைக் கண்டபின்புதான் நாட்டைச் சுமக்கும் வலிமை அவனுக்கு வந்தது.

இதற்குப் பின்னாலுள்ள பௌத்தக் கோட்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். பாலி மொழியில் அதை 'அனத்தா' என்பர்; நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை என்பது பொருள். புத்தர் தம் முதல் ஐந்து சீடருக்கு இரண்டாவதாகப் போதித்தது இதையே. மணிமேகலை மனிதனை ஐந்தாகப் பகுக்கிறது: உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு. இந்த ஐந்தில் எது 'நான்'? உடல் நானென்றால், நோயுறாதே என்று சொன்னால் அது கேட்க வேண்டுமே. கேட்பதில்லை. உணர்வு நானென்றால், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக அது மாறுகிறது. கங்கைக் கரையில் ஆற்று நுரையைக் காட்டிப் புத்தர் இவ்வைந்தையும் ஒவ்வோர் உவமையால் விளக்கியதாகப் பாலி நூல் கூறும். உருவம் நுரைத்திரள், நுகர்ச்சி நீர்க்குமிழி, குறிப்பு கானல்நீர், பாவனை வாழைத்தண்டு, உள்ள அறிவு மாயவித்தைக்காரனின் காட்சி.

வாழை உவமையைக் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளவர்க்கு விளக்க வேண்டியதில்லை. வைரம் பாய்ந்த கட்டை வேண்டுமென்று கோடரியோடு புறப்பட்டவன் வாழையை வெட்டிப் பட்டை பட்டையாக உரித்தால் கடைசியில் அவனுக்குக் கட்டையும் இல்லை, காழும் இல்லை. ஆனால் நம் விவசாயி அதற்காக வாழையை நிந்திப்பதுண்டா? உள்ளே வைரம் இல்லாத மரம்தான் இலையும் பூவும் காயும் கனியும் நாரும் தருகிறது. புத்தர் இந்த இரண்டாம் பகுதியைச் சொல்லவில்லை. இது நான் சேர்த்துக்கொண்டது.

குருமடத்தில் படித்த நாளில் இக்கோட்பாட்டை மறுத்து ஒரு தேர்வுத்தாள் எழுதினேன். 'ஆன்மா இல்லையென்றால் பொறுப்பு இல்லை, பொறுப்பு இல்லையென்றால் அறம் இல்லை' என்று மூன்று பக்கத்தில் பௌத்தத்தை முடித்துவிட்டேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. எங்கள் பேராசிரியர் ஓரத்தில், 'இதை ஒரு பிக்குவிடம் படித்துக் காட்டினாயா?' என்று மட்டும் எழுதியிருந்தார். அன்று அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன். இன்று அவர் கேட்டது புரிகிறது. ஒரு விளக்கிலிருந்து மறுவிளக்குக்கு ஏற்றிய சுடர் அதே சுடருமன்று, வேறு சுடருமன்று என்பது பௌத்தர் தரும் விடை. ஆபுத்திரன்தான் புண்ணியராசனா என்றால் அவர்கள் ஆம் என்றும் சொல்லார், இல்லை என்றும் சொல்லார். பொறுப்பு தொடர்கிறது, உடைமை தொடர்வதில்லை. செய்த அறம் வந்தது. செய்தவன் மணலில் கிடக்கிறான். இதை அவநம்பிக்கைக் கோட்பாடு என்று நான் எழுதியது அவசரம்.

இச்சிந்தனை தமிழ் மண்ணில் நூலேட்டில் மட்டும் இருந்ததன்று. ஐந்தாம் நூற்றாண்டளவில் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் தங்கிப் புத்ததத்தர் பாலி நூல்களை யாத்தார். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியைக் குறித்து எழுதிய சீனத் துறவி யுவான் சுவாங், அங்கே நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்ததாகக் குறிக்கிறார். பாண்டிய நாடு என்று அறிஞர் கருதும் மலகூடத்தைப் பற்றி எழுதும்போது அவர் குரல் மாறுகிறது: பாழடைந்த பழைய மடங்கள் பல, எஞ்சியவை சில. நம் பக்கத்தில் உத்தமபாளையம் குன்றில் வீற்றிருக்கும் கற்சிற்பங்களைப் புத்தர் என்று சிலர் காட்டுவர். அவை சமணத் தீர்த்தங்கரர்கள். ஆபுத்திரன் பாத்திரம் ஏந்திய தென்னாட்டில் பௌத்தம் முன்னரே கரைந்துபோயிற்று. கடலோரத்தில் மட்டும் நெடுநாள் நின்றது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் 1006-இல் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன.

நாகப்பட்டினத்தைப் பற்றிக் கத்தோலிக்கராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. அவ்வூரில் பௌத்தச் சின்னமாக மூன்று நிலைச் செங்கற் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. மாலுமிகளுக்கு அது கரை அடையாளம். அதை இடித்தவர்கள் இயேசு சபையார். 1844-இல் அங்கே தொடங்கப்பட்டு 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறிய தூய வளனார் கல்லூரியை நடத்தியவர்கள் அவர்களே. கோபுரம் சிதைந்து போயிருந்தது. சென்னை அரசின் இசைவைப் பெற்று 1867-இல் அதைத் தரைமட்டமாக்கினார்கள். அவ்வட்டாரத்தில் 1856 முதல் கிடைத்த செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ முந்நூற்றைம்பது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பலவற்றைக் காணலாம்.

தமிழ்நாட்டின் கல்விக்கு அச்சபையார் ஆற்றிய தொண்டினை நான் அறிவேன். அக்கல்லூரியில் படித்தவர்களின் கையில்தான் நானும் எழுத்தறிந்தேன். அவர்களுக்கு அது யாருடையதும் அல்லாத இடிபாடு. வழிபட ஆளில்லாத கோபுரத்துக்கு வழக்காட யார் வருவார்? ஆயினும் எழும்பூரில் அந்தச் சிறு திருமேனிகளின் முன் நின்றபோது எனக்கு மணிபல்லவத்து மணல்தான் நினைவுக்கு வந்தது. மணலைத் தோண்டினால் பிறர் எலும்போடு நம் எலும்பும் கிடக்கிறது. 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருச்சபையின் மக்கள் பிற பண்பாடுகளுக்கும் சமயங்களுக்கும் காட்டாத மதிப்புக்காகவும் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அதனால் திருச்சபை சிறுத்துவிட்டதா என்ன? அன்று சிலர் அஞ்சினார்கள். தன் எலும்பைக் காண அஞ்சாத சபைதான் நிமிர்ந்து நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறைந்த மரபு 1898-இல் இரண்டு வழிகளில் மீண்டது. மணிமேகலைச் சுவடிகளை உ.வே. சாமிநாதையர் அச்சேற்றினார். பௌத்தம் கற்பிக்க ஆளில்லாத நாட்டில், கும்பகோணம் கல்லூரியில் தம்மோடு பணியாற்றிய ரங்காசாரியாரின் துணையால் அதன் பொருளைத் துருவித் துருவித் தெளிந்து அவர் செய்த பணி அது. அதே ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அயோத்திதாசருடன் நின்றோர்க்கு 'நான்' என்பது பிறர் சுமத்திய இழிபெயர். சபையில் ஆபுத்திரனுக்குச் சூட்டப்பட்டது போன்ற பெயர். அத்தகைய 'நான்' மெய்யன்று, கட்டப்பட்டது, ஆகவே கழற்றக் கூடியது என்று சொன்ன கோட்பாடு அவர்களுக்கு எத்துணை வலிமை தந்திருக்கும்! நம் கல்லறைகளில்கூட இரண்டு பகுதி வைத்திருந்த ஊர்களை அறிந்தவர்கள் இதை என்னைவிட நன்கு உணர்வார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பௌத்தம் சொல்வதும் நாம் அறிக்கையிடுவதும் ஒன்றல்ல. பெயர் சொல்லி அழைக்கும் இறைவன் ஒருவர் இருக்கிறார், அவர் அழைத்த ஆள் அவர் நினைவில் அழிவதில்லை, உடலும் உயிர்க்கும் என்பது நம் விசுவாசம். எல்லாச் சமயமும் ஒன்றே என்று பூசி மெழுகுவதை நான் விரும்புவதில்லை. அது இரு சாராரையும் கேளாமல் இருப்பதற்கு வசதியான வழி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட அறிக்கை, மாறும் இவ்வுலகம் தன்னில் நிறைவற்றது என்பதைப் பௌத்தம் உணர்ந்திருக்கிறது என்று மதிப்போடு கூறியது. அந்த அளவில் நான் நிற்கிறேன்.

ஆயினும் பிலிப்பியருக்குப் பவுல் எழுதியதை இப்போது வேறு கண்ணோடு படிக்கிறேன். கடவுள் வடிவில் இருந்தவர் அந்நிலையைப் பற்றிக்கொண்டிராமல் தம்மை வெறுமையாக்கினார் என்பதை எத்தனை குருத்து ஞாயிறுகளில் வாசித்திருக்கிறேன்! வெறுமையாவதை நான் ஒரு தண்டனை போலவே விளக்கி வந்தேன். பாஸ்காவுக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஓர் இடைநிலை போல. கெத்சமனியில் வியர்வையாக வழிந்த அந்த இழப்பு, மறுநாள் அவரை நடக்க வைத்த வலிமையும் ஆகும் என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு பௌத்தக் காப்பியம் என்பதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை.

பெரியவருக்கு நான் கோட்பாடு எதையும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் வந்தபோது கதையைச் சொன்னேன்: பாத்திரம், கப்பல், தீவு, மணல். தன் எலும்பை மன்னன் கண்ட இடத்தில் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அணைக்குள்ள போய் நின்னா எனக்கும் அப்படித்தான் சாமி இருக்கும்" என்றார். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"அந்த ராசா திரும்பிப் போயி என்ன பண்ணுனான்?"

தன் நாட்டிலும் பிறர் நாட்டிலும் நல்லது செய்வேன் என்று சொல்லிக் கப்பல் ஏறினான், அவ்வளவுதான் நூலில் இருக்கிறது என்றேன்.

"பசிச்சவனுக்குச் சோறு போட்டிருப்பான்" என்றார் பெரியவர். "செத்துப் பாத்தவனுக்கு வேற என்ன வேலை?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பேத்தி பள்ளி விட்டு வரும் நேரம் ஆகிவிட்டதாம்; வீட்டில் உலை வைக்க வேறு ஆளில்லை.